நாள் பார்த்த கல்யாணம், காணாமல் போன குட்டிகள்

அத்தியாயம் 5: ஒற்றைச் சப்பாத்து

திருட்டைப் பிடிக்கப் போன வீட்டில் என் சப்பாத்தைப் பறிகொடுத்தேன். அதுவும் ஒற்றைச் சப்பாத்து. வலது கால்.

அம்பிட்டியவில் இராஜகுமாரி அம்மாவின் வீடு. சாமிப் படம் மாட்டிய வீட்டுக்குள் சப்பாத்தோடு போக எனக்கு மனம் வராது. வாசலில் இரண்டையும் ஜோடியாகக் கழற்றி வைத்தேன். உள்ளே போய்க் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் சொல்ற வரைக்கும் இந்த வீட்டை விட்டு ஒரு ஊசிகூட வெளியே போகக்கூடாது" என்று குரலைத் தாழ்த்தி அறிவித்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிய வசனம் அது. அறிவித்துவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தால் இடது சப்பாத்து மட்டும் தனியாகக் கிடந்தது.

"சேர்," என்றான் றவூப், "ஊசியோட சேத்து சப்பாத்தையும் செல்லியிருக்கணும்."

"நீ கேட்டில்தானே இருந்தாய்? யார் வந்தது?"

"காக்காகூட வரல்ல. நான் கண்ண மூடாமப் பாத்துக்கிட்டுத்தான் ஈந்த. களவெடுத்தவன் உள்ளுக்குத்தான் ஈக்கான். ஆனா சேர், அந்தச் சப்பாத்தப் போய் களவெடுக்கிறவனுக்கு நாமதான் ஏதாச்சும் குடுக்கணும்."

சப்பாத்தைப் பற்றி அவன் சொன்னது நியாயம். தோல் தேய்ந்து தேய்ந்து துணி மாதிரி ஆகிவிட்ட சப்பாத்து அது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் மூக்கையா. கண்டி நகரத்தில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் 'மூக்கையா துப்பறியும் நிலையம்' நடத்துகிறேன். அதற்கு முன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தேன். அடுத்தவர் வளவுக்குள் எட்டிப் பார்க்கும் அனுபவம் நிறைய இருந்ததால் இந்தத் தொழிலுக்குத் தகுதி இருப்பதாக நானே முடிவு செய்துகொண்டேன். றவூப் என் உதவியாளன். அவனுடைய த்ரீவீல்தான் என் அலுவலக வாகனம். வாயும் அவனுடையதுதான், எனக்கு இருப்பது மீசை மட்டும்.

வழக்கு இதுதான்.

இராஜகுமாரி அம்மாவுக்கு நகரத்தில் புடவைக் கடை. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். வீட்டில் அவர், பிஸ்கட் என்ற லேப்ரடோர் பெட்டை நாய், வேலைக்கென்று ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் பேச்சியம்மா. ஆனி மாதம் பிஸ்கட்டுக்கு முதல் தடவையாக ஹீட் வந்தது. தரையில் ரத்தச் சொட்டைப் பார்த்ததும் "பிள்ளை பெரிய மனுஷி ஆயிட்டா" என்று அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருக்கிறது. உடனே கம்பளையில் லெட்சுமணன் என்பவர் வளர்க்கும் டைகர் என்ற கடுவன் நாயைப் பேசி முடித்தார். முடித்தவர் சும்மா இருக்கவில்லை. பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தார்!

கோவில் ஐயர் "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாராம். "நம்ம வீட்டுப் பிள்ளைக்கு" என்றாராம் அம்மா. ஐயர் அந்த வெள்ளிக்கிழமையைச் சொன்னார். அதை விட்டால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் கல்யாணம் ஆகாது என்றும் சொன்னார். அம்மா அவசர அவசரமாக மாலை கட்டி, சந்தனம் வைத்து, வீதிக்கே பலகாரம் கொடுத்து, மணமக்களை ஒரு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு இரண்டு மாதம் முட்டை, பால், ஈரல். ஒரு நாள் வளைகாப்புகூட நடந்திருக்கிறது. கழுத்துப் பட்டியில் கண்ணாடி வளையல் கோத்த போட்டோவை எனக்குக் காட்டினார். பிஸ்கட் கமராவைப் பார்த்த பார்வையில் என் கல்யாணப் படம் ஞாபகம் வந்தது.

"புதன்கிழமை கம்பளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன் மூக்கையா," என்றார் அம்மா. "போறப்போ வயிறு இப்படி இருந்துச்சு. நேத்து காலையில வந்தா வயிறு இல்ல. மடியில பால் சொட்டுது. குட்டியும் இல்ல! வீட்டுல இருந்தது யாரு? பேச்சி ஒருத்தி. அதே நேரம் பையைத் தூக்கிக்கிட்டு ஊருக்குக் கிளம்பி நிக்கிறா, நான்தான் போக விடாம வச்சிருக்கேன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"பையில் குட்டி இருந்ததா?"

"இல்ல. அதுக்கு முன்னாடியே யார்கிட்டயோ குடுத்து பஸ் ஏத்தியிருப்பா. ஆறு பேருக்கு வாக்குக் குடுத்திருக்கேன் மூக்கையா. இன்னைக்கு நாலு மணி ஹேவாஹெட்ட பஸ்ஸுக்குள்ள குட்டி வரலன்னா நான் பொலிஸுக்குப் போறேன். கண்டுபிடிச்சுக் குடுத்தா ஒண்ணு உங்களுக்கு."

ஒரு லேப்ரடோர் குட்டி! துப்பறிய ஆரம்பிப்பதற்கு முன்பே அதற்கு வீரா என்று பெயர் வைத்துவிட்டேன்.

"குட்டி மட்டுமில்ல," என்று அம்மா தொடர்ந்தார். "தேத்தண்ணிப் போச்சி சூடு ஆறாம இருக்கப் போடுற கம்பளி உறை காணோம். என் கம்பளிக் காலுறையில ஒண்ணு காணோம். பேரனுக்கு வாங்கி வச்ச கரடி பொம்மை காணோம். குளிக்கிற ஸ்பொஞ்சைக்கூட விட்டு வைக்கல."

நான் அத்தனையையும் மனதில் பதித்துக்கொண்டேன். றவூப் மட்டும் வரவேற்பறை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, அந்த மேசையில கெடக்கிறது தங்கச் சங்கிலியா?"

"ஆமா. கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போய்க் கழட்டி வச்சது."

"நேத்தையில இருந்து அங்கதான் ஈக்கி?"

"அங்கதான் இருக்கு."

றவூப் என் காதருகே குனிந்தான். "சேர், தங்கத்த விட்டுட்டு தேத்தண்ணிப் போச்சிட உறையத் தூக்கிட்டுப் போற கள்ளன என்ட வாழ்க்கையில கண்டதில்ல. இவன் ஏழை இல்ல. இவனுக்குக் குளிருது."

நான் அவனை முறைத்தேன். பெரிய துப்பறிவாளன் முறைப்பது போலத்தான் முறைத்தேன், ஆனால் அப்போது என் காலில் வெறும் காலுறை மட்டும் இருந்தது.

பேச்சியம்மா சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தொடும் வயது. பக்கத்தில் ஒரு பை. உடுப்பெல்லாம் அதற்குள் சுருட்டித் திணித்துக் கிடந்தது. ஒரு புதுச் சேலையின் ஓரத்தில் மண் ஒட்டியிருந்தது.

"நான் எடுக்கலீங்க சேர்," என்றாள், நான் கேட்கும் முன்பே. "ரெண்டு நாளா அது சாப்பிடல. எங்கயோ போயிப் படுத்துக்குது, கூப்பிட்டா வருது, திரும்பவும் போயிருது. குட்டியை நான் கண்ணாலயும் பாக்கல. நேத்து அம்மா ரோட்டுல வச்சு என் பையக் கொட்டினாங்க. உள்பாவாடை எல்லாம் ரோட்டுல கெடந்துச்சு. பக்கத்து வீட்டு ஆளுங்க பாத்துக்கிட்டு நின்னாங்க."

"ஊருக்கு எதற்குக் கிளம்பினாய்?"

"ஞாயித்துக்கிழமை என் பொண்ணு யசோதினியப் பாக்க வர்றாங்க. மாப்பிள்ளை வீடு பக்கத்துத் தோட்டந்தான். பொலிஸ் ஜீப் எங்க லயத்து வீட்டுக்கு வந்து நின்னுச்சுன்னா அவங்க வருவாங்களா, சேர்?"

வீராவை மறந்தேன். நான் தப்பான ஆளைப் பிடித்துக் கொடுத்தால் எனக்கு இன்னொரு வழக்கு வரும். இவளுடைய பெண்ணுக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வருமா என்று தெரியாது.

"சேர்," என்றான் றவூப், "எனக்கு ஒரு யோசன. நாய் கேஸுதானே? நாய் டொக்டருக்கு ஒரு போன் கோல் போடுவமா? பேராதெனிய ரோட்டுல தனுஜா மிஸ் ஈக்காங்க."

"இது குற்றவியல், றவூப். வைத்தியம் இல்லை."

அவன் தலையாட்டிவிட்டு வெளியே போய் கோல் போட்டுவிட்டான். என் கட்டளைகளை அவன் நிறைவேற்றும் முறை இதுதான்.

அதற்குள் என் கழுகுக் கண்ணில் ஒன்று பட்டது. பக்கத்து வீட்டு மதிலின் மேல், காய வைத்த பால் போத்தல்கள். சின்னக் குழந்தைக்குக் கொடுக்கும் சூப்பிப் போத்தல்கள்! தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு வேறு எப்படிப் பால் கொடுப்பது? அந்த வீட்டுக்காரர் திலீபன், ஓய்வு பெற்ற வங்கி மனேஜர். பிஸ்கட் குரைப்பது பற்றி அம்மாவோடு ஏற்கனவே சண்டை போட்டவர். முடிந்தது வழக்கு!

இடது காலில் சப்பாத்தும் வலது காலில் காலுறையுமாகத் திலீபன் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் முதலில் என் காலைத்தான் பார்த்தார்.

"குட்டிகள் எங்கே?" என்றேன்.

"உள்ள தூங்குறான்," என்றார்.

"ஒன்றா, ஆறா?"

"என் மக பெத்தது ஒண்ணுதான். கொழும்புல இருந்து பேரன் வந்திருக்கான். ஏன்யா, நீ தண்ணி மீட்டர் மூக்கையாதானே? நல்லாத்தானே இருந்த?"

உள்ளேயிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. நான் எழுப்பிவிட்டேன். அடுத்த கால் மணி நேரம் அந்த வாசலில் நின்று திட்டு வாங்கினேன். என்னைத் திட்டி முடித்து, அம்மாவுக்கு வந்தார்.

"அந்த அம்மாவோட நாய்க் கல்யாணத்தால நாங்க பட்ட பாடு! கல்யாணத்தன்னைக்கு லட்டு குடுத்தாங்க, சரி, சாப்பிட்டேன். அன்னைக்கு ரோட்டுல ஒரு நாய் இல்ல, அமைதியா இருந்துச்சு. ஆடி பொறந்துச்சு பாரு, அந்த வாரம் பூரா தென்னக்கும்புற வரைக்கும் உள்ள நாய் எல்லாம் அந்தக் கேட்டுலதான். ஊளை, சண்டை. நான் வாளியில தண்ணி ஊத்தி விரட்டினேன். அந்தம்மா பிஸ்கட்டை மேல் மாடி அறையில பூட்டி வச்சிருந்தாங்க. கல்யாணமான பொண்ணு, வெளியே விட மாட்டாங்களாம்!"

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினேன். த்ரீவீலில் சாய்ந்து நின்ற றவூப்புக்கு என் முகத்தைப் பார்த்ததுமே எல்லாம் விளங்கியது.

"பேரனா, பேத்தியா சேர்?"

"பேரன்."

"மாஷா அல்லாஹ்."

அம்மாவின் வாசலுக்கு வந்து மிச்சமிருந்த இடது சப்பாத்தையும் கழற்றினேன். இந்தத் தடவை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். நகைக்க வேண்டாம்; அனுபவம் ஒரு முறைதான் கற்றுத் தரும். வராந்தாவில் நான்கு அடி வைத்திருப்பேன், வலது பாதத்தில் ஈரம். பிசுபிசுவென்று காலுறை தரையோடு ஒட்டியது. சிவப்பு சிமெந்துத் தரையில் உற்றுப் பார்த்தேன். வெள்ளைச் சொட்டு. ஒரு சாண் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

விரலில் தொட்டு முகர்ந்தேன். "பால்!"

"சப்பாத்து இருந்திருந்தா மிதிச்சிட்டுப் போயிருப்பீங்க," என்றான் றவூப். "கள்ளன் ஒங்களுக்கு உதவி செஞ்சீக்கான், சேர்."

சொட்டுகள் வராந்தாவிலிருந்து உள்ளே வந்து, சாப்பாட்டு மேசையைச் சுற்றி, மாடிப்படிக்கு அடியில் தொங்கிய பழைய திரைக்குப் பின்னால் மறைந்தன. உடைந்த தையல் மெஷினும் பழைய தலையணைகளும் போட்டு வைக்கும் மூலை அது. திரையை விலக்கினேன். உள்ளே இருட்டிலிருந்து ஒரு உறுமல் வந்தது.

நான் பின்வாங்கவில்லை. பின்னால் றவூப் நின்றதால் பின்வாங்க இடமில்லை. போனில் டோர்ச்சைப் போட்டு, முழங்காலில் தவழ்ந்து, தலையை உள்ளே விட்டேன்.

பிஸ்கட் பக்கவாட்டில் படுத்திருந்தாள். அவளுடைய வயிற்றோடு வரிசையாக ஒட்டிக்கொண்டு கிடந்தன: தேத்தண்ணிப் போச்சியின் கம்பளி உறை, கரடி பொம்மை, ஸ்பொஞ்ச், ஒற்றைக் கம்பளிக் காலுறை. எல்லாவற்றுக்கும் நடுவில், மடிக்கு மிக அருகில், என் வலது சப்பாத்து. அதை நக்கி நக்கிப் பளபளவென்று ஆக்கியிருந்தாள். வாங்கிய நாளில்கூட அது அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. நான் கையை நீட்டியதும் அதன் மேல் தாடையை வைத்து அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்குச் சப்பாத்தைக் கேட்க வாய் வரவில்லை.

தவழ்ந்தபடியே வெளியே வந்து எழுந்தேன். எல்லாரும் கூடியிருந்தார்கள். இது என் நேரம்.

"விளங்கிவிட்டது," என்றேன். "குட்டிகளைத் திருடியவன் சாதாரணமானவன் இல்லை. தாய் நாய் அழுது ஊரைக் கூட்டாமல் இருக்க, ஒவ்வொரு குட்டிக்கும் பதிலாக ஒரு பொருளை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்!"

றவூப் மெதுவாகக் கேட்டான்: "அப்ப கள்ளன், கடைசிக் குட்டிக்கு ஒங்கட சப்பாத்து வரும் வரைக்கும் காத்துக்கிட்டு ஈந்தானா?"

நல்லவேளை, பதில் சொல்லும் முன் கேட் திறந்தது.

டொக்டர் தனுஜா யாழ்ப்பாணத்துக்காரர். பேராதெனியவில் படித்து, கண்டியிலேயே தங்கிவிட்டவர். எங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரைக்குள் போனார். பிஸ்கட்டைத் தடவிக் கொடுத்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். வெளியே வந்து கையைக் கழுவினார்.

"ஆர் சொன்னது இவ குட்டி போட்டவ எண்டு?"

"பால் வருதே, டொக்டர்!" என்றார் அம்மா.

"பால் வரும். குட்டி போட்ட நாய்க்குப் பின்னால கிழமைக்கணக்கில, பதினைஞ்சு இருவது நாளெண்டு, கழிவு வடியும். முதல் கொஞ்ச நாள் கரும்பச்சையா இருக்கும். தரையைக் கழுவலாம், துணியை ஒளிக்கலாம், நாய்க்குள்ள இருந்து வாறதை ஆர் நிப்பாட்டுறது? இவவிட்ட ஒரு துளியும் இல்லை. இவ குட்டி போடேல்லை அம்மா. கருவே தங்கேல்லை."

பேச்சியம்மா சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ வயிறு?"

"என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?"

"முட்டை... பால்... ஈரல்..."

"அதுதான் வயிறு. ஹீட் வந்து போன பெட்டைக்குக் கரு தங்கினாலும் தங்காட்டிலும் ரெண்டு மாசம் உடம்பு ஒரே மாதிரித்தான் நடக்கும். சிலதுக்கு உடம்பு தான் தாய் எண்டு நம்பிடும். பால் வரும், சாப்பாட்டை விட்டிடும், வயிறு இறங்கிடும், மறைவிடம் தேடும், மெத்தெண்டு கிடைக்கிறதைக் கொண்டுபோய்க் குட்டி எண்டு வளர்க்கும். உது களவில்லை. தாய்மை, ஆனால் பிள்ளை இல்லை."

நான் தொண்டையைச் செருமினேன். வழக்கில் என் பங்கு என்று ஏதாவது இருக்க வேண்டுமே. "டொக்டர், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வம்பு சொன்னார். கல்யாணத்தன்று வீதியில் ஒரு நாய்கூட இல்லையாம். அடுத்த வாரம்தான் ஊர்க் கடுவன் எல்லாம் கேட்டில் வரிசை கட்டியதாம்."

டொக்டர் என்னை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார். எனக்கே வெட்கமாகிவிட்டது, ஏனென்றால் அதை நான் துப்பு என்று நினைத்துச் சொல்லவில்லை.

"அதுதான் முழுக்கதையும்," என்றார். "அம்மா, ரத்தம் கண்டு எத்தினை நாளில டைகரைக் கொண்டு வந்தனீங்கள்?"

"மூணாம் நாளோ நாலாம் நாளோ. அதுதான் கடைசி முகூர்த்தம். அப்புறம் ஆடி."

"கலியாண வீடியோ இருக்கோ?"

இருந்தது. அம்மா போனை நீட்டினார். மாலையோடு டைகர் நெருங்குகிறான். பிஸ்கட் பட்டென்று தரையில் உட்கார்ந்து வாலைக் காலுக்கிடையில் சொருகிக்கொண்டு பல்லைக் காட்டுகிறாள். பின்னணியில் அம்மாவின் குரல்: "பாருங்க, பொண்ணு வெட்கப்படுறா!"

"அவ வெக்கப்படேல்லை," என்றார் டொக்டர். "'கிட்ட வராதை' எண்டு சொல்லுறா. ரத்தம் கண்ட முதல் கிழமை பெட்டை கடுவனை அண்ட விடாது. ரத்தம் வெளிறி, குறைஞ்சு வாற நேரம்தான் காலம். அப்ப அவவே நிண்டு, வாலை ஒதுக்கிக் காட்டுவா. ரோட்டு நாய்களுக்கு மணம் சரியான நாளைச் சொல்லிப்போட்டுது. நீங்கள் அதே கிழமை அவவைப் பூட்டி வச்சதால தப்பினா."

"ஆக," என்றான் றவூப் கூரையைப் பார்த்தபடி, "மாப்பிள்ள வந்த நாள்ல பொண்ணு ரெடி இல்ல. பொண்ணு ரெடியான நாள்ல ஆடி மாசம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். போனில் இன்னும் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதில் பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மணப்பெண்ணின் தாயாக அம்மா நின்றார்.

"என் பிள்ளைங்க ரெண்டு பேரும் அங்கேயே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க," என்றார். "முடிஞ்சதுக்கு அப்புறம்தான் போட்டோ வந்துச்சு. எனக்கு ஒரு கல்யாணமாச்சும் நடத்திப் பாக்கணும் போல இருந்துச்சு டொக்டர். கிறுக்குத்தனம்தான்."

டொக்டர் போனில் ஓடிய வீடியோவை நிறுத்தினார். பிறகு, "ஆசைப்படுறது பிழையில்லை," என்றார். "ஆனால் இவவுக்கு இன்னும் ஒரு வயசுதான். முதல் ஹீட்டில குட்டிக்கு விடவே கூடாது. உடம்பு முத்தேல்லை. லேப்ரடோருக்கு இடுப்பெலும்பு படம் எடுத்துப் பாக்கவேணும், தாய்க்கும் தேப்பனுக்கும். இல்லாட்டில் நடக்கேலாத குட்டிகள் பிறக்கும். அதுக்கு முதல் ஒரு கேள்வி. குட்டிகளை ஆருக்குக் குடுக்கப் போறியள்?"

அம்மா விரல் விட்டு எண்ணினார். "அண்ணன் கடைச் சாமான் அறையில காவலுக்குக் கட்டிப் போடக் கேட்டார். தெல்தெனிய மச்சாளுக்கு நாய்னா பயம், ஆனா லேப்ரடோர்னு சொன்னதும் வேணும்னாங்க. கொழும்புல ஒருத்தர், மாடி வீடு. இன்னும் மூணு பேரு, சும்மா தர்றேன்னதும் சரின்னாங்க. அப்புறம் ஒண்ணு மூக்கையாவுக்கு."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பலசரக்குக் கடைக்கு மேல் இரண்டு அறை. ஒன்றில் நானும் மனைவியும், மற்றதில் துப்பறியும் நிலையம். மனைவி என்னையே அரை மனதோடுதான் உள்ளே விடுகிறாள். வீராவை எங்கே வைக்கப் போகிறேன் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசித்திருக்கவில்லை.

"எனக்கு வேண்டாம் அம்மா," என்றேன். இல்லாத குட்டியை வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அம்மா திரைக்குப் பக்கத்தில் குந்தினார். பிஸ்கட் கரடி பொம்மையின் காதை நக்கிக்கொண்டிருந்தாள். "அம்மாவாகணும்னு இவ எப்பவாச்சும் என்கிட்ட கேட்டாளா? நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்," என்றார். "டொக்டர், இவளுக்கு ஒப்பரேஷன் பண்ணிடலாம்."

"ஓம், ஆனா இப்ப இல்லை. பால் வத்தவேணும், உடம்பு ஆறவேணும். மடியைத் தொடாதையுங்கோ, கறக்காதையுங்கோ. ஈரலை நிப்பாட்டி நல்லா நடக்க விடுங்கோ. உந்தச் சாமான்களை ஒண்டு ஒண்டா, அவ காணாத நேரம் எடுங்கோ. ரெண்டு கிழமையில சரிவராட்டில் எனக்குச் சொல்லுங்கோ, வாறன்."

டொக்டர் போனார். மணி நாலை நெருங்கியது. அம்மா சமையலறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். துப்பறிவாளனுக்குத் தேவையில்லாத இடம்தான், ஆனால் கால் போய்விட்டது.

"பேச்சி," என்றார் அம்மா. "மனசுல வச்சுக்காத. மன்னிச்சிடு."

பேச்சியம்மா பையின் வாரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குரல் உயரவில்லை. "பையக் கொட்டினது ரோட்டுலம்மா. மன்னிப்ப அடுப்படியில வச்சுக் கேக்குறீங்க."

அம்மாவின் முகம் சிவந்தது. எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அம்மா அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று கேட்டுக்கு வெளியே போனார். "திலீபன் ஐயா! வாங்க! எல்லாரும் வாங்க!" என்று கத்தினார். திலீபன் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. பஸ் தரிப்பில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

அம்மா வீதியோரத்தில், நேற்றுக் கொட்டிய அதே இடத்தில், முழங்காலிட்டு உட்கார்ந்தார். பையைத் திறந்து, சுருட்டித் திணித்துக் கிடந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி மடித்து மடியில் அடுக்கினார். உள்பாவாடையையும் மடித்தார். புதுச் சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் முந்தானையால் துடைத்தார். புடவைக் கடைக்காரர்; அவரைப் போல யாராலும் மடிக்க முடியாது.

"என் வீட்டுல குட்டியே பொறக்கல," என்றார், எல்லாருக்கும் கேட்க. "பேச்சி எதையும் எடுக்கல. நேத்து நான் சொன்னது பொய். எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு."

பேச்சியம்மா அழவில்லை. நான்தான் அழுதேன். தூசி என்று றவூப்பிடம் சொன்னேன். "ஓ, தூசிதான்," என்று அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மேட்டில் பஸ் வரும் சத்தம் கேட்டது. அம்மா பையை மூடி அவள் கையில் கொடுத்தார். "திங்கக்கிழமை வருவியா?"

"மொதல்ல ஞாயித்துக்கிழமை நல்லபடியா போகட்டும்மா." பேச்சியம்மா கொஞ்சம் யோசித்தாள். "நீங்களும் வாங்க. ஒரு கல்யாணப் பேச்சாச்சும் கிட்டயிருந்து பாருங்க. ஆனா எங்க சம்பந்தி வீட்டுல நாய்க்கு முகூர்த்தம் பாத்த கதைய மட்டும் எடுத்துடாதீங்க."

அம்மா அழுதுகொண்டே சிரித்தார். திலீபனும் சிரித்தார். பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவள் ஏதோ ஞாபகம் வந்தது போலத் திரும்பி என்னிடம் வந்தாள். இடுப்பில் சொருகியிருந்த ஒரு துணிச் சுருளை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"டொக்டரம்மா ஒண்ணு ஒண்ணா எடுக்கச் சொன்னாங்கல்ல சேர். இத மொதல்ல எடுத்துட்டேன். கண்டுபுடிச்சா ஒரு குட்டி ஒங்களுக்குன்னு அம்மா சொன்னாங்கதானே?" அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "பாத்துக் கொண்டு போங்க. இப்பத்தான் பால் குடிச்சுச்சு."

பஸ் போய்விட்டது. துணியைப் பிரித்து என் வலது சப்பாத்தைப் போட்டேன். உள்ளே விரல் வரைக்கும் ஈரம். த்ரீவீலை நோக்கி நடந்தேன். றவூப் குறுக்கே கையை நீட்டினான்.

"நாயோட எனக்கு ஒரு கோவமும் இல்ல சேர். ஆனா அந்த எச்சில் என்ட த்ரீவீல்ல பட்டா எனக்கு மார்க்கப்படி ஏழு தடவ கழுவுற வேலை. நீங்க முன்னுக்கு நடங்க, நான் மெதுவா பின்னுக்கு வாரன்."

அம்பிட்டியவிலிருந்து கண்டிக்கு இறக்கம்தான். நான் முன்னால் நடந்தேன். அவன் பின்னால் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தான். இரண்டு தெரு நாய்கள் என் வலது காலை முகர்ந்து பார்த்துவிட்டு, டவுன் வரைக்கும் என்னோடு கூடவே வந்தன.